அனுப்பாமலே ஆகும் பிடிஎஃப்

கல்வி உதவித்தொகை, வேலை, வங்கிக் கடன், விசா என்று எதற்கு விண்ணப்பித்தாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வந்து நிற்கிறது: சான்றிதழ்கள் அனைத்தையும் ஒரே பிடிஎஃப் கோப்பாக அப்லோடு செய்யவும். கையில் இருப்பதோ போனில் எடுத்த நாலைந்து படங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், ஆதார் அட்டையின் முன்னும் பின்னும். உடனே கூகுளில் ‘ஜேபிஜி டு பிடிஎஃப்’ என்று தட்டுகிறோம். முதலில் வரும் தளத்தைத் திறந்து, படங்களைக் கொடுத்து, பிடிஎஃப்பை இறக்கிக்கொண்டு விண்ணப்பத்துக்குத் திரும்பிவிடுகிறோம். அந்த ஒரு நிமிடத்துக்குள் நம் பிறந்த தேதி, முகவரி, கையெழுத்து, கணக்கு எண், முகம் அனைத்தும் எந்த நாட்டில் இருக்கிறது என்றே தெரியாத ஒரு கணினியைச் சென்றடைந்திருக்கலாம். நமக்குத் திரும்பி வந்தது பிடிஎஃப்; போன படங்கள் அங்கேயே இருக்கின்றனவா, அழிக்கப்பட்டனவா என்று பார்க்க வழி கிடையாது.

2025 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்பிஐ அமைப்பின் டென்வர் அலுவலகம் இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. இலவசமாகக் கோப்புகளை மாற்றித் தருவதாகச் சொல்லும் தளங்களில் சில, கேட்ட வேலையை ஒழுங்காகச் செய்து கொடுத்துவிட்டே அந்தக் கோப்புடன் தீய நிரல்களையும் சேர்த்து அனுப்புகின்றன. கொடுத்த ஆவணங்களிலிருந்து அடையாள எண்கள், வங்கி விவரங்கள் போன்றவற்றைச் சுரண்டி எடுக்கின்றன என்றது அது. எல்லாத் தளங்களும் அப்படியல்ல. பல நிறுவனங்கள் சில மணி நேரத்தில் கோப்புகளை அழித்துவிடுவதாக உறுதி தருகின்றன. உண்மையாகவே அழிக்கவும் செய்யலாம். ஆனால் எந்தத் தளம் யோக்கியமானது என்று ஆராய்வதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இந்த வேலைக்கு இன்னொருவருடைய கணினி எதற்கு?

பதில் அந்தக் கோப்புகளின் அமைப்பிலேயே இருக்கிறது.

படக் கோப்புக்குள் என்ன இருக்கிறது?

12 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த ஒரு படத்தில் 4000க்கு 3000 என்று 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஓர் எண்ணுக்கு ஒரு பைட். அப்படியே எழுதிவைத்தால் 36 எம்பி ஆகும். போனில் பார்த்தாலோ அந்தப் படம் பெரும்பாலும் நாலைந்து எம்பிக்குள் அடங்கியிருக்கிறது.

இந்தச் சுருக்கத்துக்கு அடிப்படையான கணிதத்தைத் தந்தவர்களில் முதன்மையானவர் நசீர் அகமது. 1940இல் பெங்களூரில் பிறந்து அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1972இல் இந்த ஆய்வுக்காக அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார், கிடைக்கவில்லை. தன் மாணவர் டி. நடராஜன், சக ஆய்வாளர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974 ஜனவரியில் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். டிஸ்கிரீட் கொசைன் டிரான்ஸ்ஃபார்ம், சுருக்கமாக டிசிடி, என்பது அந்த முறையின் பெயர். 1992இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் (ஜேபிஜி) வடிவம் இதன் மேல்தான் நிற்கிறது.

ஜேபெக் முதலில் படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாக வெட்டுகிறது. ஒரு கட்டத்தில் இருக்கும் 64 ஒளி அளவுகளை டிசிடி வேறு 64 எண்களாக மாற்றுகிறது. அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம் எவ்வளவு, ஒளி ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெல்ல மாறுகிறதா, புள்ளிக்குப் புள்ளி தடதடவென்று மாறுகிறதா என்பதை இந்தப் புதிய எண்கள் சொல்கின்றன. மெல்லிய மாற்றத்தை நம் கண் நன்றாகக் கவனிக்கும். நுணுக்கமான, அடுத்தடுத்த மாற்றங்களில் அவ்வளவு கூர்மை கிடையாது. ஆகவே நுணுக்கத்தைச் சொல்லும் எண்களைத் தாராளமாகத் தோராயப்படுத்திவிடலாம். அப்படிச் செய்ததும் அவற்றில் பெரும்பாலானவை பூஜ்யமாகிவிடும். பூஜ்யங்களின் வரிசையை எழுத அதிக இடம் வேண்டாம். மிஞ்சும் எண்களை நெருக்கிக் கட்டினால் அதுதான் ஜேபெக் கோப்பு. 255, 216 என்ற இரு பைட்டுகளில் தொடங்கி 255, 217 என்ற இரு பைட்டுகளில் முடியும்.

பிடிஎஃப் செய்வது எவ்வளவு பெரிய வேலை?

ஜேபெக் தரம் உருவாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் அடோபி நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான ஜான் வார்னாக் வேறொரு சிக்கலை எடுத்துக்கொண்டார். ஒரு கணினியில் தயாரித்த ஆவணத்தை இன்னொரு கணினியில் திறந்தால் எழுத்து மாறி, வரி உடைந்து, பக்கம் குலைந்து போகும். எங்கே திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் ஒரே மாதிரி இருக்கும் கோப்பு வடிவம் வேண்டும் என்று 1991இல் ‘கேமலட்’ என்ற பெயரில் ஒரு திட்டக்குறிப்பை எழுதினார். அது 1993இல் பிடிஎஃப் என்ற பெயரில் வெளிவந்தது. 2008இல் ஐஎஸ்ஓ 32000 என்ற சர்வதேசத் தரமாகி, யார் வேண்டுமானாலும் படித்து நிரல் எழுதக்கூடிய பொதுச் சொத்தானது.

நம் கேள்விக்கு முக்கியமான செய்தி இது: ஜேபெக் படத்தைப் பிரிக்காமல், மாற்றாமல், ஒரு பைட்டைக்கூடத் தொடாமல் அப்படியே தனக்குள் வைத்துக்கொள்ள பிடிஎஃப் ஆரம்பத்திலிருந்தே இடம் தருகிறது. ‘இங்கிருந்து இத்தனை பைட்டுகள் டிசிடி முறையில் சுருக்கிய படம்’ என்று ஒரு குறிப்பு எழுதினால் போதும். தைத்து மடித்த சட்டையைப் பெட்டியில் வைத்து மேலே அளவுச் சீட்டு ஒட்டுவது போன்ற வேலை. துணியைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஒரு படம், ஒரு பக்கம் என்ற எளிய பிடிஎஃப்புக்கு ஐந்து உருப்படிகள் போதும். ஆவணத்தின் தலைமைப் பதிவு, பக்கங்களின் பட்டியல், பக்கத்தின் விவரம், பக்கத்தில் எதை எங்கே வரைவது என்ற கட்டளை, கடைசியாகப் படம். இந்த ஐந்துக்குப் பின்னால் ஓர் அட்டவணை வரும். ஒவ்வோர் உருப்படியும் கோப்பின் எத்தனையாவது பைட்டில் தொடங்குகிறது என்பதை வரிசைக்குச் சரியாக 20 பைட் வீதம் அது சொல்லும். பிடிஎஃப்பைத் திறக்கும் செயலி கோப்பின் கடைசிப் பகுதியைத்தான் முதலில் பார்க்கிறது. அங்கே அட்டவணை இருக்கும் இடம் தெரிகிறது. அட்டவணையில் மற்ற எல்லாவற்றின் இடமும் தெரிகிறது. ஆயிரம் பக்க நூலில் 700ஆம் பக்கத்துக்கு நேராகத் தாவ முடிவது இதனால்தான். படத்தை நீக்கிவிட்டுப் பார்த்தால் இந்தக் கட்டுமானம் முழுவதும் ஒரு கிலோபைட்டைத் தொடாது.

அடுத்து, படத்தைத் தாளில் பொருத்தும் கணக்கு. பிடிஎஃப்பின் அளவுகோல் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. 210க்கு 297 மில்லிமீட்டர் கொண்ட ஏ4 தாள் இந்த அளவில் 595.28க்கு 841.89. அச்சுப்பொறி ஓரத்தை வெட்டிவிடாமல் இருக்க நான்கு பக்கமும் அரை அங்குலம், அதாவது 36 அலகு, விடலாம். மிஞ்சும் இடம் 523.28க்கு 769.89. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம் 3000 அகலம், 4000 உயரம். அகலத்தை அகலத்தால் வகுத்தால் 0.1744, உயரத்தை உயரத்தால் வகுத்தால் 0.1925. இரண்டில் சிறியதை எடுத்துக்கொண்டால்தான் படம் தாளுக்கு வெளியே போகாது. ஆகவே படத்தின் அளவு 523.28க்கு 697.70. பிடிஎஃப் கீழ் இடது மூலையிலிருந்து அளப்பதால், இடமிருந்து 36, கீழிருந்து 72.09 என்று வைத்தால் படம் தாளின் நடுவில் உட்காரும்.

இரண்டு வகுத்தல், ஓர் ஒப்பீடு, சில பெருக்கல். பத்தாம் வகுப்புக் கணக்கு முடிந்துவிட்டது. இதற்காகத்தான் நாம் ஆதார் அட்டையைக் கண்காணாத இடத்துக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

பிறகு சர்வர் எதற்கு வந்தது?

ஒரு காலத்தில் சர்வர், அதாவது அந்த இன்னொருவருடைய கணினி, தேவையாக இருந்தது. இணையப் பக்கத்தில் ‘கோப்பைத் தேர்ந்தெடு’ என்ற பொத்தானுக்கான வரைவை ஜெராக்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் 1995 நவம்பரில் வெளியிட்டார்கள். அந்தப் பொத்தானின் வேலை ஒன்றே ஒன்று: தேர்ந்தெடுத்த கோப்பைச் சர்வருக்கு அனுப்புவது. பக்கத்துக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு அந்தக் கோப்பின் உள்ளடக்கத்தைப் படிக்க வழி இல்லை. ஆகவே கோப்பை வைத்து என்ன செய்வதானாலும் மறுமுனையில்தான் செய்ய வேண்டும். அதற்கென்று சர்வர்கள் வந்தன. சர்வருக்குச் செலவு வந்தது. செலவை ஈடுகட்ட விளம்பரமும் மாதச் சந்தாவும் வந்தன.

2009இல் இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு கோப்புகளைப் பிரவுசருக்குள்ளேயே படிப்பதற்கான வரைவை வெளியிட்டது. 2010 ஜனவரியில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 3.6 அதைச் செய்து காட்டியது. 2012இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10 வந்தபோது பெரிய பிரவுசர்கள் அனைத்திலும் அந்த வசதி இருந்தது. 2017இல் வெப்அசெம்பிளி என்ற தொழில்நுட்பமும் சேர்ந்துகொண்டது. சி, சி++ போன்ற மொழிகளில் எழுதிய கனமான நிரல்களையும் பிரவுசருக்குள் வேகமாக ஓட்ட அது வழி செய்தது. சர்வர் தேவைப்பட்டதற்கான காரணம் தீர்ந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பழக்கமும் வியாபாரமும்தான் மிஞ்சி நிற்கின்றன.

பிரவுசருக்குள் நடப்பது

அப்லோடு செய்யாமல் மாற்றித் தரும் தளத்துக்கும் ஒரு சர்வர் உண்டு. ஆனால் போக்குவரத்து எதிர்த்திசையில் நடக்கிறது. நம் படம் நிரலைத் தேடிப் போவதில்லை. நிரல் நம் கணினிக்கு வருகிறது. பிடிஎஃப் உருவாக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் சில நூறு கிலோபைட்டுகளில் அடங்கிவிடும். ஜேஎஸ்பிடிஎஃப், பிடிஎஃப்-லிப் போன்ற திறந்தமூல நிரல்கள் இதற்காகவே இருக்கின்றன.

நாம் படங்களைத் தேர்ந்தெடுத்ததும், தேர்ந்தெடுத்தவற்றை மட்டும் பார்க்க அந்தப் பக்கத்துக்கு பிரவுசர் அனுமதி தருகிறது. கோப்பின் பெயர், அளவு, கடைசியாக மாற்றிய நேரம், உள்ளடக்கம் ஆகியவை நிரலுக்குத் தெரியும். அதே ஃபோல்டரில் வேறென்ன இருக்கிறது என்பது தெரியாது. கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதைக்கூட பிரவுசர் மறைத்துவிடுகிறது. பழைய முறையில் கேட்கும் நிரல்களுக்கு சி டிரைவில் ‘ஃபேக்பாத்’ என்ற இல்லாத ஃபோல்டரின் பெயரைச் சொல்லி ஏமாற்றிவிடும். பொய்யான பாதை என்று பெயரிலேயே ஒப்புக்கொள்ளும் இந்த ஏற்பாடு பிரவுசர்களுக்கான தரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

நிரல் படத்தின் பைட்டுகளை நினைவகத்துக்கு எடுத்துக்கொள்கிறது. தொடக்கப் பகுதியைப் படித்து அகலம், உயரம், நிறவகை ஆகியவற்றை அறிகிறது. மேலே போட்ட கணக்கைப் போடுகிறது. ஐந்து உருப்படிகளையும் அட்டவணையையும் எழுதி, படத்தை உள்ளே வைத்து, பிடிஎஃப்பை நினைவகத்திலேயே முடிக்கிறது. பிறகு அந்த நினைவகப் பகுதிக்கு பிரவுசர் ஒரு தற்காலிக முகவரி தருகிறது. டவுன்லோடு பொத்தானை அழுத்தினால் அந்த முகவரியிலிருந்து நம் ஃபோல்டருக்குக் கோப்பு எழுதப்படுகிறது. மற்ற டவுன்லோடுகளைப் போலவே திரையில் காட்டினாலும் இணையத்திலிருந்து எதுவும் வருவதில்லை.

எல்லாப் படமும் ஜேபெக்காக இருந்துவிட்டால் கதை இதோடு முடியும். ஸ்கிரீன்ஷாட்டுகள் பெரும்பாலும் பிஎன்ஜி வடிவில் இருக்கின்றன. பிஎன்ஜி பயன்படுத்தும் சுருக்கமுறை பிடிஎஃப்புக்கும் தெரியும் என்பதால் அதையும் தரம் குறையாமல் வைக்கலாம். ஊடுருவித் தெரியும் பகுதிகள் படத்தில் இருந்தால் அந்தத் தகவலை மட்டும் பிரித்துத் தனி உருப்படியாக எழுத வேண்டும். கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்பி வடிவத்தை பிடிஎஃப் அறியாது. அதைப் பிரவுசர் கேன்வாஸ் என்ற தன் வரைபரப்பில் வரைந்து, வரைந்ததை ஜேபெக்காக மாற்றிக் கொடுக்கும். ஐபோன்களில் 2017 முதல் வரும் ஹெய்க் வடிவத்தை சஃபாரியின் புதிய பதிப்புகள் திறக்கின்றன, குரோம் திறப்பதில்லை. அங்கே வெப்அசெம்பிளி கைகொடுக்கிறது: ஹெய்க்கைப் பிரிக்கும் நிரலையே பக்கத்துடன் சேர்த்து அனுப்பிவிடலாம்.

பிரவுசரின் எல்லையும் இங்கேதான் தெரியும். கேன்வாஸில் வரைந்த படத்தில் சுருக்கம் எதுவும் இருக்காது. 12 மெகாபிக்சல் படம் புள்ளிக்கு நான்கு பைட் வீதம் 48 எம்பி நினைவகத்தைப் பிடிக்கும். 48 மெகாபிக்சல் படம் 192 எம்பி. பத்துப் படங்களையும் ஒரே நேரத்தில் விரித்தால் விலை குறைந்த போன் திணறிப் பக்கத்தை மூடிவிடும். நன்றாக எழுதிய நிரல் ஒவ்வொன்றாக எடுத்து, முடித்து, நினைவகத்தை விடுவித்துவிட்டு அடுத்ததுக்குப் போகும்.

200 கேபிக்குள் வேண்டுமாம்

விண்ணப்பத் தளங்கள் பிடிஎஃப்போடு விடுவதில்லை. அளவுக்கும் வரம்பு வைக்கின்றன. படத்தை அப்படியே வைக்கும் வழி இங்கே உதவாது. எதையாவது இழக்க வேண்டும். எதை இழப்பது என்பதுதான் கேள்வி.

முன்பு போட்ட கணக்கில் 3000 புள்ளிகள் 7.27 அங்குல அகலத்தில் அச்சாகின்றன. அங்குலத்துக்கு 413 புள்ளிகள். தெளிவான அச்சுக்கு 300 போதும்; எழுத்துகளைப் படித்தால் சரி என்றால் 200 போதும். 200 என்று வைத்தால் படத்தின் அகலம் 1454 புள்ளிகளாகக் குறைகிறது. மொத்தப் புள்ளிகள் 1 கோடியே 20 லட்சத்திலிருந்து சுமார் 28 லட்சமாக, நாலில் ஒரு பங்குக்கும் கீழே, இறங்கிவிடும். ஆகவே முதலில் புள்ளிகளைக் குறைத்துவிட்டு, பிறகே ஜேபெக்கின் தரத்தில் கை வைக்க வேண்டும். தலைகீழாகச் செய்தால் 8க்கு 8 கட்டங்கள் துருத்திக்கொண்டு எழுத்துகளைச் சுற்றி அழுக்குப் படிந்தது போலாகிவிடும். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து என்பது திடீர் மாற்றங்களால் ஆனது. ஜேபெக் தூக்கி எறியத் துடிப்பது அந்தத் திடீர் மாற்றங்களைத்தான்.

மங்கலாவது ஒரு வகை இழப்பு. அதைவிட ஆபத்தான வகையும் உண்டு. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் ஆவணத்தில் இருக்கும் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்தார். 6 இருந்த இடத்தில் 8 தெளிவாக அச்சாகி வந்தது. அந்த இயந்திரங்கள் பயன்படுத்திய ஜேபிக்2 சுருக்கமுறை, ஒன்றுபோலத் தெரியும் எழுத்துகளை ஒரே எழுத்தாகக் கருதி, ஒன்றின் வடிவத்தைப் பல இடங்களில் ஒட்டிவிடுவதால் வந்த வினை. ஜேபெக் இப்படிச் செய்யாது. மங்கலாக்குமே தவிர எண்ணை மாற்றாது. எந்த வழியில் சுருக்கினாலும், அனுப்புவதற்கு முன் மதிப்பெண்களையும் பதிவு எண்ணையும் மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கூடவே வரும் தகவல்கள்

படம் கணினியை விட்டு வெளியே போகவில்லை என்பது பாதி பாதுகாப்புத்தான். அதிலிருந்து உருவான பிடிஎஃப் கட்டாயம் வெளியே போகப்போகிறது. அதற்காகத்தானே அதைச் செய்கிறோம். அந்தப் பிடிஎஃப்புக்குள் என்ன இருக்கிறது என்பது மீதிப் பாதி.

ஒவ்வொரு கேமராப் படத்துடனும் எக்ஸிஃப் என்ற குறிப்புத் தொகுதி ஒட்டிக்கொண்டு வருகிறது. ஜப்பானில் 1995இல் வகுக்கப்பட்டது. கேமராவின் பெயர், எடுத்த நேரம், போனை எப்படிப் பிடித்திருந்தோம் என்ற விவரம், அனுமதித்திருந்தால் ஜிபிஎஸ் இடக்குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். 2012 டிசம்பரில், தலைமறைவாக இருந்த மென்பொருள் தொழிலதிபர் ஜான் மெக்காஃபியின் புகைப்படம் ஒன்றை வைஸ் இதழ் வெளியிட்டது. படத்தோடு வந்த ஜிபிஎஸ் குறிப்பை யாரும் நீக்கவில்லை. அவர் குவாத்தமாலாவில் எந்த இடத்தில் இருக்கிறார் என்பது உலகத்துக்கே தெரிந்துபோனது.

படத்தின் ஒரு பைட்டையும் தொடாமல் பிடிஎஃப்புக்குள் வைப்பதை மேலே ஒரு சிறப்பாகச் சொன்னேன். அதற்கு ஒரு விலை இருக்கிறது: எக்ஸிஃபும் முழுசாக உள்ளே போய்விடும். பிடிஎஃப்பிலிருந்து படத்தைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டு மேசையில் வைத்து எடுத்த சான்றிதழின் பிடிஎஃப்பிலிருந்து வீடு இருக்கும் இடத்தை எடுத்துவிட முடியும். படங்களைப் பிடிஎஃப் ஆக்கும்போது சில பக்கங்கள் படுத்துக்கொள்வதற்கும் எக்ஸிஃபே காரணம். போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் சென்சார் தன் போக்கில்தான் புள்ளிகளைப் பதிகிறது. ‘காட்டும்போது 90 பாகை திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃபில் 6 என்ற எண்ணை எழுதிவைக்கிறது. போனின் கேலரி அதைப் படிக்கும். பிடிஎஃப் செயலிகள் பார்ப்பதில்லை.

கேன்வாஸில் வரைந்து மறுபடி ஜேபெக் ஆக்கினால் எக்ஸிஃப் போய்விடும். ஆனால் இரண்டாம் முறை சுருக்குவதால் தரமும் கொஞ்சம் போகும். கவனமாக எழுதிய நிரல் நடுவழி ஒன்றை எடுக்கிறது. ஜேபெக் கோப்பு பகுதி பகுதியாக அமைந்தது. எக்ஸிஃப் இருக்கும் பகுதி 255, 225 என்ற பைட்டுகளில் தொடங்கும். முதலில் அதிலிருந்து திசை எண்ணைப் படித்துக்கொண்டு, பிறகு அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு, திருப்பும் வேலையை பிடிஎஃப்பின் வரைகட்டளையிடம் ஒப்படைக்கலாம். தரம் குறையாது, இடக்குறிப்பும் இருக்காது. ஒரு மாற்றித் தளத்தை எழுதியவர் எவ்வளவு அக்கறையுள்ளவர் என்பதை இந்த ஒரு விஷயத்தில் தெரிந்துகொள்ளலாம்.

மறைத்துவிட்டோம் என்று நாம் நம்புவதும் மறையாமல் இருக்கலாம். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மனஃபோர்ட் என்பவரின் வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிடிஎஃப்பில் சில வரிகளைக் கறுப்புக் கட்டத்தால் மூடியிருந்தார்கள். செய்தியாளர்கள் அந்த வரிகளைக் காப்பி செய்து வேறிடத்தில் ஒட்ட, எழுத்து அப்படியே வந்தது. படத்துக்கும் இதே விதிதான். பிடிஎஃப்பில் படத்தின் மேல் வரைந்த கட்டம் தனி உருப்படி. அடியில் படம் முழுசாக இருக்கிறது. படத்தை வெட்டினாலும் சிக்கல் வரலாம். கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் கோப்பில் வெட்டப்பட்ட பகுதியின் தரவு பின்னால் ஒட்டிக்கொண்டே இருந்தது 2023 மார்ச்சில் வெளியே தெரிந்தது. ஆதார் எண்ணை மறைக்க வேண்டுமென்றால் புள்ளிகளையே கறுப்பாக்கிப் புதிய படமாகச் சேமித்து, அதன் பிறகு பிடிஎஃப் செய்ய வேண்டும். அதைவிட எளிய வழி, முதல் எட்டு இலக்கங்களை மறைத்துக் கடைசி நான்கை மட்டும் காட்டும் ஆதாரை ஆதார் ஆணையத்தின் தளத்திலிருந்தே எடுத்துக்கொள்வது.

நம்பாமல் பார்ப்பது எப்படி?

‘உங்கள் கோப்புகள் உங்கள் கணினியை விட்டு வெளியேறாது’ என்று எந்தத் தளமும் எழுதிவைக்கலாம். முகவரிக்கு முன்னால் தெரியும் பூட்டுக் குறி இதற்குச் சான்று ஆகாது. வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதற்குத்தான் அது சான்று. போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் பார்ப்பதை அது தடுப்பதில்லை.

எளிய சோதனை: பக்கத்தை முழுதாகத் திறந்துகொண்டு இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். போனில் ஏரோப்ளேன் மோடு, கணினியில் வைஃபை. பிறகு படங்களைக் கொடுங்கள். பிடிஎஃப் வந்துவிட்டால் மாற்றும் வேலை உங்கள் கணினியிலேயே நடந்திருக்கிறது. வராவிட்டால் அந்தத் தளத்துக்கு வெளியே யாரோ தேவைப்படுகிறார்கள். கணினியில் எஃப்12 விசையை அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்துவைத்தால், எந்த முகவரிக்கு எவ்வளவு தரவு போகிறது என்பதை வரி வரியாகப் பார்க்கலாம். 4 எம்பி படத்தைக் கொடுத்ததும் 4 எம்பி வெளியே போனால் சந்தேகத்துக்கே இடமில்லை.

இந்தச் சோதனை சொல்லாததையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பக்கம் இங்கேயே பிடிஎஃப் செய்துவிட்டு, இணையம் திரும்பியதும் படத்தை அனுப்பவும் முடியும். பிரவுசர் பக்கங்களுக்குத் தரும் சேமிப்பிடத்தில் படத்தை ஒதுக்கிவைத்திருந்து அடுத்த முறை திறக்கும்போது அனுப்பவும் முடியும். இன்கக்னிட்டோ சன்னலில் செய்து, இணையத்தை மறுபடி இணைக்கும் முன் திறந்திருக்கும் இன்கக்னிட்டோ சன்னல்கள் அனைத்தையும் மூடிவிட்டால் இந்த இரண்டு வழியும் அடைபடும். இணையப் பக்கம் ஒவ்வொரு முறையும் புதிதாக இறங்குவது என்பதால், இன்று நல்ல பிள்ளையாக இருந்த நிரல் நாளை மாறியிருக்கலாம். நாம் சேர்த்துவைத்திருக்கும் எக்ஸ்டென்ஷன்களில் சிலவும் எல்லாப் பக்கங்களையும் படிக்க அனுமதி பெற்றவை. நேர்மையான தளம் தன் கையைத் தானே கட்டிக்கொள்ள ஒரு வழி உண்டு: இந்தப் பக்கம் எந்த முகவரியோடும் தொடர்புகொள்ளக் கூடாது என்ற கட்டளையைப் பக்கத்துடன் சேர்த்தே அனுப்புவது. சரியாக எழுதினால் அதைப் பிரவுசர் கண்டிப்பாக நிறைவேற்றும்.

தளமே இல்லாமலும் செய்யலாம். ஆண்ட்ராய்டில் படத்தைத் திறந்து பிரிண்ட் கொடுத்தால் அச்சுப்பொறிகளின் பட்டியலில் ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ என்ற தெரிவு இருக்கும். ஐபோனில் ஃபைல்ஸ் செயலியில் படங்களைத் தேர்ந்தெடுத்துப் பிடிஎஃப் உருவாக்கலாம். விண்டோஸ் 10இலிருந்து ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கூடவே வருகிறது. பல படங்களை ஒன்றாகத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் கொடுத்தால் ஒரே பிடிஎஃப் கிடைக்கும். வரிசையை மாற்றுவது, அளவைக் குறைப்பது, தாளின் ஓரத்தைக் கட்டுப்படுத்துவது போன்றவை வேண்டும்போதுதான் பிரவுசர் கருவி தேவைப்படுகிறது. அச்செடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பினால் கடைக் கணினியின் டவுன்லோடு ஃபோல்டரில் அது தங்கிவிடும். இவ்வளவு கவனமாகச் செய்த பிடிஎஃப் அங்கே போய்க் கிடப்பதில் அர்த்தமில்லை. அச்சானதும் கண்ணெதிரே அழிக்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

இத்தனையையும் ஒவ்வொரு விண்ணப்பதாரரும் கற்றுத் தேற வேண்டும் என்பது நியாயமா? பிளஸ் டூ முடித்த பிள்ளை எக்ஸிஃபையும் ஏரோப்ளேன் மோடையும் பற்றித் தெரிந்துவைத்திருக்க வேண்டுமா? படத்தைப் பிடிஎஃப் ஆக்கும் நிரல் சில நூறு கிலோபைட்தான், அது எந்தப் பிரவுசரிலும் ஓடும் என்றால், ‘பிடிஎஃப் ஆகத் தருக’ என்று கேட்கும் விண்ணப்பத் தளமே அந்த நிரலைத் தன் பக்கத்தில் வைத்துவிடலாம். விண்ணப்பதாரர் போனிலுள்ள படங்களைக் கொடுப்பார். அவருடைய பிரவுசரே அவற்றை நிமிர்த்தி, இடக்குறிப்பை நீக்கி, 200 கேபிக்குள் சுருக்கி, ஒரே பிடிஎஃப்பாகக் கட்டி அனுப்பும். யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவருக்கு மட்டுமே போகும். மூன்றாவது ஆள் நடுவில் வரக் காரணமே, கேட்கிறவர் ஒரு வடிவத்தில் கேட்டுவிட்டு அதைச் செய்து தரும் வழியைக் காட்டாமல் விடுவதுதான். சான்றிதழ் கேட்கும் ஒவ்வொரு அலுவலகமும் பல்கலைக்கழகமும் வங்கியும் தன் தளத்தில் இந்தச் சிறிய ஏற்பாட்டைச் செய்துவிட்டால், கூகுளில் கண்ட தளத்தில் ஆதார் அட்டையைக் கொடுக்க வேண்டிய தேவை யாருக்கும் வராது.